பூஜையில் இருந்த படகுத் தக்கை

கிரீஸும் ஈர வலையும் மீன் செதிலும் கலந்த வாசனைதான் எங்கள் வீட்டு வாசலுக்கு. அக்கம்பக்கத்தில் சாம்பிராணி மணக்க, எங்கள் வாசலில் மட்டும் ஒரு ஃபைபர் படகு டிரெய்லர் மேல் உட்கார்ந்திருக்கும். கடலே இல்லாத திருவண்ணாமலையில் படகு வைத்திருந்த வீடு என்பதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஊருக்கு வெளியே ஓர் ஏரியின் மீன் குத்தகை அம்மாவிடம் இருந்தது. ஜீப்பின் பின்னால் படகை மாட்டி இழுத்துப் போவதும் அவர்தான். செங்கம் ரோட்டு டீக்கடையில் யாராவது, "என்னக்கா, மலை மேல ஓட்டப் போறீங்களா?" என்று கேலி செய்தால், "நீங்க தள்ளிவுட வரீங்களா?" என்பார்.

படகு விஷயத்தில் அம்மா கறார். மூக்குப் பக்கம் கனம் கொஞ்சம் "ஜாஸ்தி" இருக்க வேண்டும், பின்னால் கூடினால் டிரெய்லர் "வால் ஆட்டும்". கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, கட்டிய பெல்ட்டை இன்னொரு முறை இறுக்க வேண்டும். ஓடிச் சூடான சக்கரத்தை உடனே தண்ணீரில் இறக்கினால் பேரிங் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வீடு திரும்பியதும் படகின் மூக்கைத் தூக்கி வைத்து, பின்புறம் அடியிலுள்ள ஓட்டையின் "தக்கை"யைத் திருகி எடுத்துவிடுவார். தேங்கிய தண்ணீர் வடிந்துவிடும். பித்தளைத் தக்கை, என் கட்டைவிரல் பருமன்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், ஆயுத பூஜையன்று, அதைப் புளி போட்டுத் தேய்த்து ஸ்பேனர்களோடு பூஜையில் வைத்தார் அம்மா. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. அப்பா அதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். மத்தியானம் கொட்டிய மழையில் ஏரியிலிருந்து போன் வந்தது. ஆடு மேய்க்கப் போன கணவனும் மனைவியும், தண்ணீர் திடீரென்று ஏறியதில் நடுத்திட்டில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவும் நானும் ஜீப்பில் பறந்தோம். பெல்ட்டை இறுக்க இறங்கியபோதுதான் பார்த்தேன், படகுக்குள் விழுந்த மழை அந்த ஓட்டை வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அப்பாவுக்கு போன் போட்டார்.

"ஏங்க, பூஜையில இருக்கிற தக்கைய எடுத்துக்கினு ஏரிக்கு வாங்க."

"நாளைக்குக் காலைலதானே எடுக்கணும்" என்றார் அப்பா.

"அங்க ரெண்டு உசுரு நிக்குதுங்க" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டார்.

ஏரிக்கரையில் ஊரே கூடியிருந்தது. திட்டில் முழங்கால் தண்ணீரில், தோளில் ஓர் ஆட்டுக்குட்டியோடு நின்றார் அந்தப் பெண். "இறக்குக்கா, இறக்கு!" என்று கத்தினார்கள். "சக்கரம் ஆறட்டும்" என்றார் அம்மா. உண்மைக் காரணம் எங்கள் இருவருக்குத்தான் தெரியும். சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோலக் குனிந்து, துணியைச் சுருட்டி ஓட்டையில் திணித்தார். இழுத்தால் கையோடு வந்தது. அப்பா வரவே மாட்டார் என்று நினைத்து நான் அழுதுவிட்டேன்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பூஜை வேட்டியோடு, செருப்புகூட இல்லாமல் அப்பா வந்து இறங்கினார். உள்ளங்கையில் தக்கை, சந்தனமும் குங்குமமும் மழையில் கரைந்து அவர் விரலெல்லாம் வழிந்தன. அம்மா வாங்கித் திருகிய வேகத்தில் படகு தண்ணீருக்குள் போனது. மூன்றே நடையில் இரண்டு பேரும் ஆடுகளும் கரையேறினார்கள். அன்றைக்கு என் அம்மாவையும் அப்பாவையும் நினைத்து நான் பட்ட பெருமைக்கு அளவே இல்லை.

இன்று குத்தகை கைமாறிவிட்டது. படகையும் ஜீப்பையும் விற்றாயிற்று. மண் அள்ளி அள்ளி அந்தத் திட்டுகூட இல்லாமல் போய்விட்டது. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்கு அப்பா ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து, "இது இன்னைக்கு யாருக்காச்சும் தேவைப்படுமா?" என்று கேட்ட பிறகுதான் சந்தனம் வைக்கிறார். போன வருடம் என் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கேட்டார். எனக்கு டியூட்டி இருந்தது. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, அதற்கு வைக்க வேண்டிய பொட்டை என் நெற்றியில் வைத்தார்.