கறாரும் பராரியும்

ஷார்ஜாவில் டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தபோது விசா விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம் தவிர வேறு எதையும் நான் அடித்ததில்லை. சின்ன வயதில் குர்ஆன் ஓதப்போன காலத்திலிருந்தே அரபி எழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அர்த்தம்தான் பாதி தெரியாது. அந்தப் பாதியை வைத்தே பிழைப்பு நடந்தது.

அங்கேதான் அந்தப் பெரியவர் வந்தார். வட ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் மந்திரியாக இருந்தவர், கதைகளும் எழுதியவர். வேலைநிறுத்தம் செய்த துறைமுகத் தொழிலாளிகளைச் சுடச் சொல்லும் உத்தரவில் கையெழுத்துப் போட மறுத்து, பதவியை எறிந்துவிட்டு வெளியேறியவர். பயந்து ஓடிவிட்டான் என்று அங்கே பேசினார்களாம். அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் தன் வாழ்க்கையை எழுதியிருந்தார். பார்வை மங்கிக்கொண்டு வந்தது. கண்ணை மூடுவதற்குள் புத்தகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் வைராக்கியம்.

அவர் கைப்பட எழுதியிருந்த முதல் அத்தியாயங்களை அடித்துக் கொடுத்தேன். மறுநாள் பூதக்கண்ணாடியோடு வந்தவரின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"நீயும் என்னை ஓடிப்போனவன் என்கிறாயா?"

அரபி எழுத்துகளில் ஃபேவும் காஃபும் ஏறக்குறைய ஒரே சாடை. ஃபேவுக்கு மேலே ஒரு புள்ளி, காஃபுக்கு மேலே இரண்டு. அவர் ஊர்ப் பழைய கையெழுத்திலோ காஃபுக்கு மேலே ஒன்றுதான். ஃபேவுக்குப் புள்ளி கீழே. இதெல்லாம் எனக்கு யார் சொன்னது? கண்ணில் பட்டதை அடித்தேன். 'கரார்' என்றால் முடிவு, 'ஃபிரார்' என்றால் ஓட்டம். நம் கறாரும் பராரியும் அந்த வழியில் வந்த சொற்கள்தான். 'என் முடிவு' என்று அவர் எழுதிய இடமெல்லாம் 'என் ஓட்டம்' என்று நின்றது.

"வுட்டுத் தள்ளும்மா, கலாஸ், முடிஞ்சிபோச்சு. அவரு வேற எடத்துல போயி அடிச்சிக்கட்டும்" என்றார் முதலாளி.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முதல் வரியிலிருந்து நானே திரும்ப அடிப்பேன் என்றேன். பெரியவர் என்னைவிடப் பிடிவாதக்காரர். தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். என் காஃபை அவர் திருத்திய மாதிரி ஓதும் பள்ளி உஸ்தாதுகூடத் திருத்தியதில்லை.

அவர் நாட்டைவிட்டுக் கிளம்பும் பக்கம் வந்தது. அங்கே 'என் முடிவு' என்று வரவேண்டிய சொல்லில் புள்ளி கீழே இருந்தது. இவ்வளவு பாடம் நடத்திய மனிதர் தானே கோட்டைவிட்டிருக்கிறாரே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"இங்கே தப்பாகப் போட்டிருக்கிறீர்கள். காஃபாக மாற்றிவிடவா?" என்று என் உடைந்த அரபியில் கேட்டேன்.

"வேண்டாம் மகளே. அது ஃபேதான்."

விளங்காமல் அவரைப் பார்த்தேன்.

"ராஜினாமா செய்தது என் முடிவு. அந்தக் கடிதத்தை எனக்கு அடித்துக் கொடுத்த பெண்ணை அவர்கள் கையில் விட்டுவிட்டு விமானம் ஏறினேனே, அது ஓட்டம்."

"அவளுக்கு என்ன ஆயிற்று?"

"அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அடி."

பாதி அரபிதான் புரியும் என்பது அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது. புரிந்த பாதிக்கே அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு புள்ளி பிசகாமல் அடித்தேன்.