கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது

கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் படிக்கும் மகளை, ராஜபாளையத்தில் காலேஜ் பஸ் நிற்கும் இடம் வரை தினமும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவது நான்தான். வழியில் அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளை, போனில் முகத்தைப் புதைத்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு மெயின் ரோட்டில் திரும்பும்போது திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஒரு ஆட்டோ எங்களை உரசிக்கொண்டு போனது. வண்டியை ஓரங்கட்டினேன்.

"ஹாரன் அடிக்காம வாரான் பாரு, எடுபட்ட பய!"

மகள் இறங்கி என் முன்னால் வந்து நின்றாள். "அடிச்சுக்கிட்டேதாம்மா வந்தான்."

எனக்கு வந்ததே கோபம்! கல்யாணமான நாளிலிருந்து பேண்டேஜ் துணி நெய்யும் தறி செட்டில் வேலை. அத்தனை தறியும் ஓடும் இரைச்சலில் நாங்கள் பெண்கள் ஊர்க்கதை பூராவும் பேசித் தீர்ப்போம். ஒரு சொல் எனக்குத் தப்பியதில்லை. என் காதுக்கா குறை?

சாயங்காலமும் அவள் விடவில்லை. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம் என்று போனில் படித்தாளாம். எதிரே நின்று கிசுகிசுத்தாள். "முருங்கைக்காய்." திருப்பிச் சொன்னேன். அடுப்படி வாசல் வரை தள்ளிப்போய், "சிலிண்டர்." அதையும் சொன்னேன்.

"போதுமாட்டி? மொதல்ல ஒங்கப்பாவுக்கு வச்சுப் பாரு. அவியளுக்குத்தான் நான் எம்புட்டு கத்துனாலும் காதுல ஏறாது."

என் கணவரும் தறியில் நின்றவர். அவர் சிரிக்கவில்லை. மகளிடம் சொன்னார்: "அவ ஒன் வாயைப் பாத்துச் சொல்லுதா. தறி செட்டுல அம்புட்டு பேரும் அப்படித்தான். கண்ணை மூடச் சொல்லு."

மகள் என் பின்னால் போனாள். "ரெண்டு காலையும் சேத்து வச்சு நில்லும்மா. காதுல கோளாறுன்னா ஒடம்பு தள்ளாடுமாம், அதையும் பாத்துருவோம். நான் பின்னால நின்னு சொல்லுதேன், நீ திருப்பிச் சொல்லு."

மூடினேன். காலுக்கடியில் தரை லேசாக நகர்ந்தது. இதில் தோற்றால் வண்டியைத் தொட விடமாட்டார்கள். காலையில் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது? சீக்கிரம் ஆரம்பித்துத் தொலைக்கிறாளா பார். காதுக்குள் எப்போதும் இருக்கும் இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. உடம்பு இடப்பக்கம் சாய, கணவரின் கை வந்து தாங்கியது.

"இன்னும் என்னட்டி யோசனை? ஆரம்பியேன்!" என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

மகள் ஓரடி பின்னால் நின்றிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. பார்த்த பிறகுதான் புரிந்தது. "அம்மா... அம்மா..."

"கிசுகிசுத்தியா?"

"இல்லம்மா. எப்பவும் பேசுத மாதிரிதான் கூப்பிட்டேன்."

இடுப்பில் சொருகியிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தேன். மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூரில் காது டாக்டரைப் பார்ப்பது என்று அவர் சொன்னார். நான் தலையாட்டினேன். மகள் என் முகத்துக்கு நேரே வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"தெனமும் வண்டியில பேசிக்கிட்டேதாம்மா வருவேன். ஓட்டுத கவனத்துல நீ பதில் சொல்லலன்னு நெனச்சுக்கிட்டேன்."