மைதா பசையும் முதலமைச்சர் படமும்

சர்க்கார் ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டாம், பயம் இருந்தால் போதும். அஞ்சாவது வரை படித்த எனக்கு அது நிறையவே இருந்தது. என்னை மாதிரி ஒப்பந்தத்தில் இருக்கிற அக்காமாருக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

யார் சொல்லி வந்தே?

தாம்பரம் பக்கம் ஒரு சின்ன சுகாதார நிலையம். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் இருக்கிற ஆளுங்கட்சிக்கார அண்ணன் சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். பாப்பாவைப் பக்கத்து அங்கன்வாடியில் விட்டுவிட்டு வரலாம். இது போனால், குழந்தையை வைத்துக்கொண்டு வேறு எங்கேயும் நான் வேலைக்குப் போக முடியாது. முதல் நாள் சூப்பர்வைசர் வேலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, யார் சொல்லி வந்தே என்றுதான் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு அண்ணன் பேரைச் சொன்னேன்.

"அவுங்க ஆட்சி கீற வரைக்கும் உனக்கு இன்னாம்மா பயம்?"

பசை

சூப்பர்வைசரின் அந்த வார்த்தையில்தான் எனக்குப் பயமே வந்தது. தேர்தல் தேதி சொன்ன அன்றைக்கு, சுவரில் இருக்கிற முதலமைச்சர் படத்தை உடனே பேப்பர் ஒட்டி மறைக்கச் சொன்னார்கள். கண்ணாடி போடாத படம். அங்கன்வாடி அடுப்பில் மைதா காய்ச்சி, ஒரு மூலைகூடத் தூக்காமல் ஒட்டினேன். வேலை சுத்தம் என்று எனக்கே சந்தோஷம். மருந்து கொடுக்கிற அண்ணா வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பேப்பரோடு முதலமைச்சர் காதும் கொஞ்சம் வந்தது. ஓரத்தில் மட்டும் டேப் போட்டிருக்க வேண்டுமாம்.

"இவங்களே திரும்பி வந்தா படத்தைத் தொறக்கணுமேம்மா, அப்ப இன்னா பண்ணுவே?"

எண்ணிக்கை நாள்

அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே ஆட்சி வந்தால் படத்தைக் கெடுத்தவள் என்று அனுப்புவார்கள். வேறு ஆட்சி வந்தால் பழைய கட்சி ஆள் என்று அனுப்புவார்கள். யாருக்குப் போட்டால் என் வேலை நிற்கும் என்று ஓட்டு மெஷின் முன்னால் நின்று யோசித்தேன், புரியவில்லை.

எண்ணிக்கை அன்று எல்லாரும் மருந்து அறையில் ஒரு செல்போனைச் சுற்றி நின்றார்கள். நான் கக்கூஸ் கழுவிக்கொண்டே காதை அங்கே வைத்திருந்தேன். ஆட்சி மாறிவிட்டது. மருந்து அண்ணா கதவருகே வந்து சொன்னார்.

"உன் பசை தப்பிச்சிச்சு. இனிமே நீதான் தப்பிக்கணும்."

புதுப் படம்

பழைய படத்தைப் பேப்பரோடு இறக்கினேன். தூக்கிப் போடப் பயம். விளக்குமாறு வைக்கிற அறையில் சுவரைப் பார்த்தாற்போலத் திருப்பி வைத்தேன். அங்கே ஏற்கெனவே ரெண்டு படம் அப்படித்தான் நின்றது.

புதுப் படம் கொண்டுவந்த கட்சிக்காரர் என்னைக் காட்டி, இது யார் போட்ட ஆள் என்றார். அவர்கள் ஆள் ஒருத்தி வேலைக்குக் காத்திருக்கிறாளாம். நான் கக்கூஸ் கழுவின பக்கெட்டோடு நின்றிருந்தேன். நர்ஸ் அக்கா ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டே, தாராளமா அனுப்புங்க சார், மூணு கக்கூஸும் பிரசவ அறை ரத்தமும் கழுவணும், இன்னைக்கே வருவாங்களா என்று கேட்டார். கட்சிக்காரர் என் பக்கெட்டை எட்டிப் பார்த்தார். பிறகு படத்தை என்னிடம் நீட்டினார்.

"நேரா மாட்டும்மா."

இப்போதெல்லாம் என் பையில் பாப்பாவுக்கு பிஸ்கட் இருக்கிறதோ இல்லையோ, ஒரு டேப் சுருள் கட்டாயம் இருக்கும்.