ஒரே டிரான்ஸ்பார்மர், இரண்டு மில்

திருப்புலிவனம் சாலையில் எதிரும் புதிருமாக இரண்டு நெல் மில்கள். ஒன்று தேவராஜனுடையது. இன்னொன்றை, புருஷன் படுத்த படுக்கையான நாளிலிருந்து மலர்க்கொடிதான் ஓட்டி வந்தாள். இரண்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். இரண்டு மோட்டாரும் ஒன்றாக ஓடினால் கரண்டு இறங்கிவிடும், மோட்டாரின் செம்புக் கம்பிக் காயில் கருகிவிடும். அதனால் பகல் பன்னிரண்டு வரை ஒருவர், அப்புறம் மற்றவர், வாரத்துக்கு வாரம் மாற்றிக்கொள்வது என்று பேசி வைத்திருந்தார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷத் தை அறுவடையில் அந்தப் பேச்சு காற்றில் போயிற்று. தேவராஜனுக்குக் காலை முறை. மதியம் ஒன்றாகியும் அவன் மில் நிற்கவில்லை. மலர்க்கொடியின் வாசலில் நான்கு வண்டி நெல் காத்துக் கிடந்தது. மூன்று நாளாக இதே கதை. நான்காம் நாள் ரோட்டைத் தாண்டிப் போய் நின்றாள்.

"இன்னாண்ணே இது? என் டயம் ஆரம்பிச்சி ஒரு மணி நேரம் ஆச்சி."

"காவாந்தண்டலத்துலருந்து வண்டி கட்டிக்கினு வந்து நிக்கிறாங்கம்மா. நிறுத்திட்டா நேரா காஞ்சிபுரம் மில்லுக்குப் பூடுவாங்க. அப்புறம் உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"எதிர்ல என் மில் கீதே, அங்க அனுப்பு. என் டயம் முடிஞ்சா நானும் உங்கிட்ட அனுப்பறேன்."

"அனுப்பிட்டா, அப்புறம் எங்கிட்ட திரும்பி வருவாங்களா?"

அந்தப் பயம் அவளுக்கும் இல்லாமலில்லை. ஆனாலும் திரும்பி வந்த வேகத்தில் ஸ்விட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியது, திணறியது. பத்தே நிமிஷத்தில் கருகல் வாடை. எரிந்தது அவள் மோட்டார் மட்டும்தான். யாரைத் திட்டுவது? பேச்சை மீறினவன் அவன், ஸ்விட்சைப் போட்டது தன் கை.

அவள் வாசலில் நின்ற வண்டிகள் எதிர் மில்லுக்கும் போகவில்லை. காஞ்சிபுரம் பக்கம் திரும்பின. தேவராஜன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் காலை தன்னிடமிருந்த பழைய மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்தான்.

"உன்னுது ரிப்பேராகி வர்ற வரைக்கும் இத்த ஓட்டு. பன்னெண்டு அடிச்சா நானே வண்டிங்கள உன் பக்கம் தள்ளி விடறேன்."

"இத்த நேத்து சொல்லியிருந்தா என் மோட்டாரு எரிஞ்சிருக்குமா?"

அவன் மோட்டாரை வண்டியிலிருந்து இறக்க ஆரம்பித்தான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வழியில்லை.

சொன்னபடி அவன் அனுப்பினான், அவளும் அனுப்பினாள். அப்படி அவள் எதிர் மில்லுக்கு அனுப்பியவர்களில் சொக்கம்மாள் ஒருத்தி, பதினோரு வருஷ வாடிக்கை. அங்கே அரிசி வெள்ளையாக வருகிறது என்று அங்கேயே தங்கிவிட்டாள். மலர்க்கொடியால் வாய் திறந்து கேட்க முடியவில்லை. அனுப்பியவளே அவள்தானே.

ஏற்பாடு மட்டும் பல வருஷம் நின்றது. அவனுக்குக் காலை முறை வரும் வாரங்களில், பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அவள் ரோட்டோரம் வந்து நின்றுவிடுவாள்.

"வந்துட்டியா?" என்பான் தேவராஜன்.

"வராம? உன்ன நம்பிக்கினு வூட்டுல குந்தியிருக்கச் சொல்றியா?" என்பாள்.