பார்லர்காரி சும்மா இருந்த கதை

பார்லர்காரிக்கு ஒன்று பிடித்துவிட்டால் போதும், அதை ஒரு வழி பண்ணாமல் விடமாட்டாள். முடி வெட்டிக்கொள்ள வந்த வாத்தியாரம்மா பேச்சுவாக்கில், தாவோ என்று சீனத்துப் பழைய ஞானம் ஒன்று உண்டு, எதிலும் முட்டி மோதாமல் தண்ணீர் மாதிரி எளிமையாக இருக்கச் சொல்கிறது என்று சொல்லிவைத்தார். அவ்வளவுதான். மறுநாளே பார்லரிலிருந்த டிவி, பிளாஸ்டிக் பூ, பாதி பாட்டில்கள் எல்லாம் வெளியே போயின. வீட்டில் அலமாரிகளைக் கவிழ்த்துப் போட்டு, வேர்க்க விறுவிறுக்க எளிமையைக் கொண்டுவந்தாள். புருஷனின் பழைய சட்டைகளும் தப்பவில்லை.

"சும்மா இருக்கறதுக்கே இவ்வளவு வேலையா?" என்றார் அந்த நல்ல மனுஷர்.

கேட்டால்தானே! ஆனால் அத்தனையையும் ஒழித்துக்கட்டியவளால் மனசிலிருந்த ஒரே ஒரு பாரத்தை இறக்க முடியவில்லை. அக்காவோடு பேச்சு இல்லை. அப்பாவை யார் அதிகம் பார்த்துக்கொண்டது என்று தொடங்கிய வாய்ச்சண்டையில், இரண்டு தெரு தள்ளி இருப்பவளின் முகத்தைப் பார்த்தே இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமை மகனோடு வேறு ஊருக்கே போகிறாளாம். பேசாமலே போய்விட்டால்?

சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள். யார் என்ன சொன்னது, யார் மேல் தப்பு என்று வழியெல்லாம் வக்கீல் கணக்காக ஒத்திகை. கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. எப்போதும் கழுத்தோடு கத்தரித்து நிற்கும் அக்காவின் முடி, தோளைத் தாண்டிச் சிக்குப்பிடித்துக் கிடந்தது.

"உக்காருக்கா" என்றாள்.

அக்கா முறைத்துக்கொண்டே, கட்டிவைத்த பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். தங்கை கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தாள். சிக்கை வேரிலிருந்து இழுத்தால் வலிதான் மிச்சம். நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் அதுவே வழிவிடும். அப்பா பேச்சை அவள் எடுக்கவில்லை. நியாயம் கேட்கவில்லை. சிக்கெடுத்தாள், அவ்வளவுதான். வாத்தியாரம்மா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பாதிச் சிக்கு விட்டதும், "ஏன்க்கா இப்படி வளர விட்ட?" என்று கேட்டாள்.

"வேற யார்கிட்டடி தலையக் குடுக்கறது?"

சீப்பு அப்படியே நின்றுவிட்டது. இருவரும் ஒரு பாட்டம் அழுதார்கள். ஒருவர் அழுத முகத்தை மற்றவர் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அங்க போயும் குடுக்க மாட்டேன்" என்றாள் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மாசாமாசம் ஒழுங்கா பஸ் ஏறி வந்து சேரு."