டீச்சரின் பணமும் என் வாயும்

நிதி ஆலோசகர் என்று போர்டு மாட்டிப் பாருங்கள், படியேறி வருகிறவர் முதலில் கேட்பது "இது சொந்த இடமா, வாடகையா?" என்றுதான், நாம் ஓடிப்போக எவ்வளவு நேரமாகும் என்று பார்க்கிறாராம். கிழக்குத் தாம்பரத்தில், மருந்துக்கடை மாடியில், ஒன்பது வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களே, ரோஸ்லின் டீச்சர் கதையைக் கேளுங்கள், ஆறுதலாக இருக்கும்.

கமிஷன் வேண்டாமா?

டீச்சருக்குப் பம்மலில் வீடு. கணவர் இல்லை, ஒரே மகன். ரிட்டையர்மென்ட் பணம் மொத்தமும் பேங்கில் சும்மா கிடந்தது. "கடைசிவரைக்கும் யார்கிட்டயும் கை நீட்டக் கூடாது, அதான் வேணும்" என்றார்.

நான் விதிப்படி எல்லாவற்றையும் சொன்னேன். கமிஷன் வாங்க மாட்டேன், ஃபீஸ் மட்டும்தான். பணம் என் கைக்கே வராது, நேராக உங்கள் பெயரில் போகும். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் சுருங்கிவிட்டது.

"எனக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர், பாலிசி போட்டா அவர் கமிஷன்ல பாதியை எனக்கே தர்றேங்கிறார். நீங்க கமிஷனே வேணாங்கிறீங்க. அப்போ வேற எதுல எடுக்கப் போறீங்க?"

படித்துப் பாருங்கள்

அடுத்த வாரம் வந்து, "எங்கெங்க கையெழுத்துன்னு பென்சில்ல டிக் போடுங்க, மீதியை நீங்களே நிரப்பிக்கோங்க" என்றார். மாட்டேன் என்றேன். ஒவ்வொரு பக்கமும் படித்துவிட்டுத்தான் கையெழுத்து.

கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! "இதுவரைக்கும் யாரும் என்னைப் படிக்கச் சொன்னதில்லையே. உள்ள என்ன வில்லங்கம்?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தார், கடைசியில் பணத்தில் கொஞ்சத்தை மட்டும் நான் சொன்னபடி போட்டார். கூடவே ஒரு நிபந்தனை.

"எவ்வளவுன்னு என் பையனுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடும்மான்னு நிப்பான்."

மகன் வந்தார்

மகன் மறைமலை நகரில் சூப்பர்வைசர். ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, ஹெல்மெட்டும் கையுமாக வந்து நின்றார். அம்மா எவ்வளவு போட்டிருக்கிறார் என்று கேட்டார். அம்மாவிடமே கேளுங்கள் என்றேன். "அம்மாதான் உங்களைக் கேக்கச் சொன்னாங்க" என்றார். அப்படியென்றால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

கீழே மாத்திரை வாங்க நின்றவர்கள் அண்ணாந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினார். ஒரு நம்பரைச் சொல்லித் தொலைத்தால் போய்விடுவார். வாய்வரை வந்ததை முழுங்கிக்கொண்டேன்.

"கணக்கைச் சொல்ல மாட்டேன்னா பணத்தை அமுக்கிட்டீங்கன்னுதானே அர்த்தம்? திங்கக்கிழமை போலீஸோட வர்றேன்!"

திங்கட்கிழமை

போலீஸ் வரவில்லை, டீச்சர் வந்தார். "சொல்லக் கூடாதுன்னுட்டு நீங்களே அவரை அனுப்பி வெச்சீங்களா?" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

"ஆமா, நான்தான் அனுப்பினேன். அந்த ஏஜென்ட்கிட்டயும் கொஞ்சம் போட்டுட்டு, அங்கயும் இவனை அனுப்பிப் பார்த்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டார்."

பேங்க் பாஸ்புக்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். மீதிப் பணமும் என் யோசனைப்படியே போகட்டும் என்றார். நான் பாஸ்புக்கைத் திறக்கப் போனேன். அப்போதுதான் டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பெத்த பிள்ளைகிட்டயே இவ்வளவு அழகா மறைக்கிறீங்களே, என்கிட்ட என்னென்ன மறைக்கிறீங்க?"

இந்த ஒன்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு இதுதான். மற்றவர்கள் சந்தேகத்தோடு சேர்த்துப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.