நான் வாசிக்காத மூன்றாவது வரி

ஏற்காட்டில் ஒரு லாட்ஜில், அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு நான்தான் சூப்பர்வைசர். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வாய் மட்டும் காது வரை. முதலாளி என்னைச் சேலத்துக்கு ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே ஒரு தாள் கொடுத்தார்கள். மூன்றே வரிகள். ஆசிட் தோலைச் சுடும், கையுறை போடவும். ஜன்னலைத் திறந்து வைக்கவும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, விஷவாயு வரும்.

திரும்பி வந்து பெண்களை நிற்க வைத்து முதல் வரியை முழங்கினேன்; லாட்ஜில் கையுறைதான் இல்லை. பனிக்காலத்தில் ஜன்னலைத் திற என்றால் என்னைத்தான் திட்டுவார்கள் என்று இரண்டாவதை முணுமுணுத்தேன். மூன்றாவதை வாசிக்கவே இல்லை. எந்தக் கிறுக்கி அதையும் இதையும் கலக்கப் போகிறாள்? தாளை மேசைக்குள் போட்டுப் பூட்டினேன்.

பக்கத்துக் கிராமமான செம்மநத்தத்திலிருந்து ஒரு அக்கா வேலைக்கு வருவார். காபி எஸ்டேட்டில் வெகுகாலம் செடிக்கு அடிக்கும் மருந்து கலந்தவர். ஐம்பது வயதிலும் அவர் துடைத்த குழாயில் முகம் பார்க்கலாம். ஒருநாள் காலை, கீழ்த்தள நடையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்து நீர் கொட்டியது. வாய் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போகவில்லை. பனிக்கு வந்த இழுப்பு என்றே நினைத்தேன். கூடிய பெண்களிடம், "இழுப்புதான், போய் வேலையப் பாருங்க" என்று அதட்டிவிட்டு அவரை ஜீப்பில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகு மூச்சு கொஞ்சம் திரும்பியது. அவர் பிழைத்துக்கொண்டார்; ஆனால் அதற்குப் பிறகு மேடு ஏறும்போதெல்லாம் நின்று நின்றுதான் ஏறினார்.

"எதைப் போட்டுக் கழுவுனாங்க?" என்று அன்றே டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

"தினமும் போடறதுதானுங்க. ஆசிட்டு, பிளீச்சிங் பவுடரு."

"ரெண்டையும் கலந்தாங்களா?"

"யாருங்க அப்படிக் கலப்பாங்க?" எரிச்சலோடுதான் சொன்னேன்.

கட்டிலில் கிடந்த அக்கா கையைத் தூக்கினார்.

"நாந்தானுங்க கலந்தேன்." இருமினார். "வெறும் ஆசிட்டு கையச் சுடும்னு நீங்கதானுங்க அம்மிணி சொன்னீங்க. எஸ்டேட்டுல துத்தத்த வெறுமனே அடிச்சா எலை கருகிப்போகும். சுண்ணாம்பு சேத்தா அடங்கிக்குமுங்க. இந்தப் பவுடரும் சுண்ணாம்பாட்டந்தான இருக்குது?"

நானும் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். செடிக்கு அடிக்கும் மயில்துத்தக் கரைசலில் சுண்ணாம்பைச் சேர்த்து, அரிவாள் நுனியை முக்கிப் பார்ப்பார்கள். இரும்பில் செம்பு படிந்தால் காரம் அடங்கவில்லை, இன்னும் சுண்ணாம்பு வேண்டும். சின்ன வயதிலிருந்து பார்த்தது. மலையில் யாரைக் கேட்டாலும், சுடுகிற மருந்தைக் கலந்து அடக்கு என்றுதான் சொல்லுவார்கள். கிறுக்கி என்று நினைத்தேனே, கிறுக்கி நான்தான். அந்த அக்கா என் பேச்சைக் கேட்டு, ஜாக்கிரதையாக இருக்கப் பார்த்துத்தான் சாகக் கிடந்தார்.

அவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"மேல்மாடி கழுவற புள்ளைக்கும் இப்படிக் கலக்கச் சொல்லிட்டனுங்க. பாவம், அவ கையெல்லாம் நொம்பப் புண்ணு."

ஆஸ்பத்திரி போனிலிருந்து லாட்ஜுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எவரும் எடுக்கவில்லை. ஜீப்பும் திரும்பிப் போயிருந்தது, ஓடினேன். ஏரிக்கரையில் ஒரு செருப்பு கழன்றது, விட்டுவிட்டேன். வேலையப் பாருங்க என்று நானே அதட்டி அனுப்பியிருந்தேன். அந்த நினைப்பு என்னைக் கொன்றது.

மேல்மாடியில் கடைசி அறை. குளியலறை ஜன்னல் இறுக்கிச் சாத்தியிருந்தது. பக்கெட்டில் வெள்ளைப் பவுடர். அந்தப் பெண் குனிந்து, ஆசிட் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். கத்திக்கொண்டே பாய்ந்து பிடுங்கினேன். மூடி தெறித்தது, ஆசிட் என் கைமேல் கொட்டியது.

"ஏனுங்கக்கா, நான் என்னங்க தப்புப் பண்ணேன்?" என்று பின்வாங்கிக் கேட்டாள்.

கை சுட்டது. அது ஒன்றைத்தான் நான் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன்.